குழி ரம்பமும் மரம் அறுப்போரும்: இங்கிலாந்தில் கை அறுப்பின் வரலாறு

குழி அறுப்பு என்பது, பெரிய அடிமரத்தை ஒரு பள்ளத்தின் மேல் நீளவாட்டில் கிடத்தி, மரத்தின் மேல் ஒருவரும் பள்ளத்துக்குள் ஒருவருமாக நின்று, நீண்ட ரம்பத்தால் பலகைகளாக அறுக்கும் முறையாகும். ஆலை ரம்பங்கள் பரவும்வரை இங்கிலாந்தின் கப்பல்கள், வீடுகள், வண்டிகள், சவப்பெட்டிகள் ஆகியவற்றுக்கான ஓக், எல்ம், ஆஷ் பலகைகளில் மிகப் பெரும்பகுதி இவ்வாறே அறுக்கப்பட்டது. கப்பல் கட்டிய தச்சர்களைப் பற்றியும் அதில் பயணம் செய்த தளபதிகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. அந்தப் பலகைகளை அறுத்துக் கொடுத்தவர்கள் வரலாற்று நூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. அவர்கள் ஒரே ஒருமுறைதான் நாட்டின் கவனத்தைப் பெற்றார்கள். அது 1768-ஆம் ஆண்டு மே 10 அன்று.

பிளப்பதிலிருந்து அறுப்பதற்கு

ரம்பம் மிகப் பழைய கருவி. எகிப்தியரும் ரோமானியரும் அதை நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் வட ஐரோப்பாவில் நீண்ட காலம் பலகை எடுப்பதற்கு ரம்பத்தைவிட ஆப்பையே நம்பினர். ஓக் மரத்தின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் செல்லும் கதிர் போன்ற இழைகளின் வழியே ஆப்பு வைத்து அடித்தால் மரம் தானாகவே பிளந்து கொடுக்கும். வைக்கிங்குகளின் கப்பல் பலகைகள் இவ்வாறு பிளக்கப்பட்டவையே. இழை அறுபடாததால் அப்பலகை மெல்லியதாக இருந்தாலும் உறுதியாக இருக்கும்.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மரம் நேராகவும் கணு இல்லாமலும் வளர்ந்திருக்க வேண்டும். அத்தகைய முதிர்ந்த மரங்கள் குறையக் குறைய, முறுக்கும் கணுவும் உள்ள மரங்களையும் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஆப்பு மரத்தின் இழையைப் பின்தொடரும்; ரம்பமோ தச்சர் போட்ட கோட்டைப் பின்தொடரும். பலகைகளின் விளிம்புகளை ஒன்றோடொன்று முட்டவைத்துக் கப்பல் கட்டும் முறை பரவியபோது, ஒரே கனமுள்ள நீண்ட பலகைகள் பெருமளவில் தேவைப்பட்டன. அதன்பின் அறுப்புக் குழி இல்லாத கப்பல் துறை இல்லை.

குழியும் கருவியும்

குழி பொதுவாக ஆள் நிற்கும் அளவுக்கு, அதாவது 6 அடி ஆழம் இருக்கும். அகலம் ஓர் ஆள் கை வீசி இழுக்கப் போதுமானது. நிலையான பட்டறைகளில் பக்கங்களுக்குச் செங்கல்லோ பலகையோ கொடுத்திருப்பார்கள். காட்டில் வேலை என்றால் மரம் விழுந்த இடத்துக்கு அருகிலேயே ஒரு பள்ளம் வெட்டிக்கொள்வார்கள். இரண்டு டன் மரத்தைச் சேற்றுப் பாதையில் இழுத்து வருவதைவிட, குழியை மரத்திடம் கொண்டுபோவது எளிது. ஈர மண்ணாக இருந்தால் குழியில் தண்ணீர் ஊறும்; கீழே நிற்பவர் அதில்தான் நிற்க வேண்டும். குழி வெட்டாமல் உயரமான மரச்சட்டத்தின் மேல் அடிமரத்தை ஏற்றி அறுப்பதும் உண்டு. நம் நாட்டில் மரத்தைச் சாய்வாக முட்டுக்கொடுத்து நிறுத்தி அறுத்ததும் இதே முறையின் மற்றொரு வடிவமே.

ரம்பம் ஏறத்தாழ 7 அடி நீளம். மேல் முனை அகலமாகவும் கீழ் முனை குறுகலாகவும் இருக்கும். பற்கள் கீழ்நோக்கிச் சாய்ந்தவை. எனவே கீழே இழுக்கும்போது மட்டுமே அது வெட்டும். மேல் கைப்பிடி நிலையாகப் பொருத்தப்பட்டது. கீழ்க் கைப்பிடி பிளவுள்ள ஒரு மரக்கட்டை. அதை ரம்பத்தின் முனையில் செருகி ஆப்பு வைத்து இறுக்குவார்கள். வேண்டும்போது ஆப்பைத் தட்டிக் கட்டையைக் கழற்றினால் ரம்பத்தை அறுப்பிலிருந்து மேலே உருவிவிடலாம். சின்ன ஏற்பாடுதான், ஆனால் இதுவே முக்கியமானது. மரத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டையை ரம்பம் நெருங்கியதும் அந்தக் கோட்டை நிறுத்திவிட்டு, ரம்பத்தை உருவி, அடுத்த கோட்டைத் தொடங்குவார்கள். எல்லாக் கோடுகளும் அந்த அளவுக்கு வந்த பிறகு மரத்தை நகர்த்தி மறுபடியும் முதல் கோட்டில் ரம்பத்தை இறக்குவார்கள். ஆகவே ஓர் அடிமரத்தின் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதில்லை. ஏறக்குறைய எல்லாமே கடைசியில்தான் பிரியும்.

அறுப்பதற்கு முன் மரத்தைக் குழியின் மேல் உருட்டி, அசையாதபடி இரும்புக் கவ்விகளை அடிப்பார்கள். பிறகு இரு முனைகளிலும் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்துக் கோடுகள் போட்டு, சுண்ணாம்போ கரியோ தோய்த்த நூலை இழுத்துத் தட்டி, மேற்புறத்தில் நீளக் கோடுகளை இறக்குவார்கள். நம் ஊர்த் தச்சர்கள் நூல் தட்டுவதும் இதே வேலைதான்.

ஒரு சிறு கணக்கு இந்த உழைப்பின் அளவைக் காட்டும். 2 அடி விட்டமும் 20 அடி நீளமும் உள்ள ஓக் அடிமரத்தின் பருமன் சுமார் 63 கன அடி. பச்சை ஓக் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது என்பதால் அதன் எடை ஏறக்குறைய 1.9 டன். இதன் நடுவே ஒரு கோடு அறுத்தால் அறுபடும் பரப்பு 40 சதுர அடி. தச்சர் அளவில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஓர் இழுப்புக்கு ஒரு நூல் அளவு ரம்பம் முன்னேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஒரு கோட்டுக்கு 1,920 இழுப்புகள் வேண்டும். 2 அங்குலக் கனத்தில் பலகை எடுத்தால் அதே மரத்தில் பத்துக் கோடுகளுக்குக் குறையாது. ஒவ்வோர் இழுப்புக்கும் ரம்பத்தை மறுபடி மேலே தூக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலாளும் கீழாளும்

இருவரில் மேலே நிற்பவரே தலைவர். பெரும்பாலும் ரம்பம் அவருடையது. அதற்கு அரம் போட்டுக் கூர் தீட்டுவதும், பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் சற்றே வளைத்துவிடுவதும் அவர் பொறுப்பு. பற்கள் அப்படி விலகியிராவிட்டால் ரம்பத்தின் உடல் ஈர மரத்தில் இறுகிக்கொள்ளும். கோட்டின் மேல் கண் வைத்து ரம்பத்தை நடத்துபவரும் அவரே. ரம்பம் கோட்டைவிட்டு விலகத் தொடங்கியதை ஒரு நூல் அளவிலேயே உணர்ந்து திருப்ப வேண்டும். தாமதித்தால் ஒரு பலகை அல்ல, அதன் இருபுறமும் உள்ள இரண்டு பலகைகள் கெடும்.

கீழாளுக்குக் கோடு தெரியாது. மேலிருந்து வரும் ரம்பத்தைச் செங்குத்தாக, ஒரே சீராகத் தன் எடை முழுவதையும் போட்டு இழுப்பதே அவர் வேலை. இழுக்கும் ஒவ்வொரு முறையும் மரத்தூள் அவர் தலையிலும் முகத்திலும் கொட்டும். அகல விளிம்புள்ள தொப்பி அணிந்திருந்தாலும் தூள் கண்ணுக்கும் மூக்குக்கும் போகாமல் இருப்பதில்லை. ரம்பத்துக்கு எண்ணெய் தடவுவது, அறுப்பு நெருக்காமல் ஆப்புச் செருகுவது, குவியும் தூளை அள்ளுவது எல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். கீழே நிற்பது வெறும் உடல் வலுவுக்கான வேலை என்று எண்ணுவது தவறு. கீழ் இழுப்பு சற்றே சாய்ந்தால், மேலே எவ்வளவு கவனமாக நடத்தினாலும், பலகையின் ஒரு விளிம்பு தடித்தும் மறுவிளிம்பு மெலிந்தும் போகும்.

ஆங்கிலத்தில் 'டாப் சாயர்', அதாவது மேல்நின்று அறுப்பவர், என்ற சொல் நாளடைவில் எந்தத் துறையிலும் முதன்மையானவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் பிக்பாக்கெட் சிறுவன் ஒருவனின் திறமையைப் புகழவே இச்சொல் வருகிறது. 'அண்டர்டாக்' என்னும் சொல்லும் குழிக்குள் நிற்பவரிடமிருந்து பிறந்தது, மரத்தைப் பிடிக்கும் இரும்புக் கவ்விக்கு ஆங்கிலத்தில் நாய் என்று பெயர் இருப்பதே சான்று என்று பல இணையதளங்கள் சொல்கின்றன. சுவையான கதைதான். ஆனால் அச்சொல்லின் பழைய பயன்பாடுகள் நாய்ச் சண்டையில் தோற்கும் நாயையே சுட்டுகின்றன.

கூலி நாட்கணக்கில் அல்ல, அறுத்த பரப்பின் கணக்கில். 100 சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். எனவே மழை, பனி, ரம்பம் தீட்டும் நேரம், துணையாளின் காய்ச்சல் எல்லாமே இருவருக்கும் நட்டம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் ஒரு பலகைகூட அறுக்க முடியாது. இவ்வளவு இறுக்கமாக இருவரைப் பிணைத்த தொழில்கள் குறைவு.

கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஆலை

நீரோட்டத்தால் இயங்கும் ரம்பத்தின் படம் 13-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கைவினைஞர் வில்லார் த ஒன்கூரின் குறிப்பேட்டிலேயே உள்ளது. 16-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் ஆற்றங்கரைகளில் நீர் ஆலைகள் பெருகின. ஹாலந்தில் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்சோன் என்பவர் காற்றாலையின் சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றி ரம்பங்களை ஓட்டும் ஆலைக்கு 1593-இல் காப்புரிமை பெற்றார். ஒரே சட்டத்தில் பல ரம்பங்களைப் பூட்டி ஒரு மரத்தின் எல்லாப் பலகைகளையும் ஒரே ஓட்டத்தில் அறுக்க இது வழிசெய்தது. ஆம்ஸ்டர்டாம் நகரின் அறுப்போர் சங்கம் ஆலைகளை எதிர்த்தது. ஆலைகள் நகருக்கு வெளியே ஸான் ஆற்றுப் பகுதியில் பெருகின. டச்சுக் கப்பல்கள் மலிவாகவும் விரைவாகவும் கட்டப்பட்டதற்கு இந்த ஆலைகளும் ஒரு காரணம்.

ஆனால் இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் குழிகளே ஆட்சி செய்தன. தொழிலாளர் எதிர்ப்பே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். 1663-இல் இங்கிலாந்தில் அமைந்த ஓர் ஆலை அறுப்போரின் பகைக்கு அஞ்சிக் கைவிடப்பட்டதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. எதிர்ப்பு உண்மையே, ஆனால் அது மட்டும் 150 ஆண்டுத் தாமதத்தை விளக்காது. நார்வேயிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் பைன் பலகைகள் அறுக்கப்பட்டே வந்து இறங்கின; அவற்றை அறுக்க இங்கே ஆலை வேண்டியிருக்கவில்லை. உள்நாட்டில் அறுக்க வேண்டியிருந்தது ஓக். அக்கால ஆலை நேரான, மென்மையான, ஒரே அளவிலான மரத்துக்கு ஏற்றது. கப்பல் ஓக் அப்படியல்ல. கப்பலின் விலா எலும்புகள் போன்ற வளைமரங்களுக்கு வளைந்தே வளர்ந்த மரங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் அதன் வளைவுக்கேற்ப வேறு வேறு கோட்டில் அறுக்க வேண்டும். அதைச் செய்ய மேலாளின் கண்தான் இருந்தது.

தேவையும் பெரிது. 1759-இல் சாத்தம் கப்பல் துறையில் தொடங்கி 1765-இல் நீரில் இறக்கப்பட்ட 'விக்டரி' என்ற ஒரே போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் தேவைப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஓக்.

லைம்ஹவுஸ், 1768

லண்டனின் கிழக்கே தேம்ஸ் கரையில் உள்ள லைம்ஹவுஸில் மர வணிகர் சார்லஸ் டிங்லி காற்றால் இயங்கும் அறுவை ஆலை ஒன்றை எழுப்பினார். தொழில் வளர்ச்சிக்காக 1754-இல் தொடங்கப்பட்ட கலைச் சங்கமும் இத்தகைய ஆலைகளை ஊக்குவித்து வந்தது.

அந்த ஆண்டு லண்டன் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ரொட்டி விலை ஏறியிருந்தது. நிலக்கரி இறக்குவோர், மாலுமிகள், பட்டு நெசவாளர் என்று ஒவ்வொரு தொழிலாரும் தெருவில் இறங்கியிருந்தனர். அரசை எதிர்த்த ஜான் வில்க்ஸ் சிறையில் இருந்தார். மே 10 அன்று அவர் இருந்த சிறைக்கு அருகே செயின்ட் ஜார்ஜ் திடலில் கூடிய மக்கள்மீது படையினர் சுட்டுப் பலரைக் கொன்றனர். அதே நாளில் சுமார் 500 அறுப்போர் டிங்லியின் ஆலையை நோக்கி நடந்தனர்.

ஆலையின் எழுத்தர் அவர்களை எதிர்கொண்டார். பின்னர் நீதிமன்றத்தில் அவர் அளித்த சாட்சியத்தால் அன்றைய பேச்சு நமக்குத் தெரிகிறது. என்ன வேண்டும் என்று கேட்டார். தங்களில் ஆயிரக்கணக்கானோர் உணவின்றிப் பட்டினி கிடக்கையில் இந்த ஆலை ஓடுகிறது என்றனர். இந்த ஆலை இதுவரை உங்கள் வேலை எதையும் பறிக்கவில்லையே என்றார் எழுத்தர். கூட்டத்தின் தலைவர் போலிருந்தவர் அதை முழுக்க மறுக்கவில்லை. ஓரளவு உண்மையாக இருக்கலாம், ஆனால் இதுவரை இல்லாவிட்டாலும் இனிமேல் பறிக்கும். இடிப்பதென்று முடிவு செய்தே வந்திருக்கிறோம், இடித்தே தீருவோம் என்று பதில் வந்தது. ஆலை சிதைக்கப்பட்டது.

இயந்திரத்தை உடைத்தவர்கள் எதையும் புரிந்துகொள்ளாத முரடர்கள் என்று பிற்காலத்தில் எழுதியவர்கள் இந்த உரையாடலைப் படித்திருக்க வேண்டும். எழுத்தர் நேற்றைய கணக்கைச் சொன்னார். அறுப்பவர் நாளைய கணக்கைச் சொன்னார். எழுத்தர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அறுப்பவர் சொன்னதே பின்னர் நடந்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் ஆலைகளை இடிப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தை இயற்றியது. காற்றால் ஓடும் அறுவை ஆலை அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டது. டிங்லி அதே 1769-இல் வில்க்ஸை எதிர்த்துத் தேர்தலில் நிற்க முயன்று, தன் பெயரை முன்மொழிய ஒருவர்கூட இல்லாமல் திரும்பினார்.

நீராவிக்குப் பின்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க் பிரூனெல் கப்பல் துறைகளுக்குள் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். போர்ட்ஸ்மத்தில் பாய்மரக் கப்பிகள் செய்ய அவர் அமைத்த இயந்திரங்களால், 110 கைத்திறனாளர்களின் வேலையைப் பயிற்சியில்லாத 10 பேர் செய்ய முடிந்தது என்பது அக்காலத்தில் புகழ்பெற்ற கணக்கு. 1814-இல் சாத்தம் துறையில் அவருடைய நீராவி அறுவை ஆலை நிறைவுற்றது. 'விக்டரி'க்குக் கையால் மரம் அறுத்த அதே துறை அது. லண்டனில் தனியார் நீராவி ஆலைகளும் பெருகின. 1850-இல் லண்டன் தொழிலாளரின் நிலையை நாளிதழில் எழுதிய ஹென்றி மேஹியூ, மரம் அறுப்போரையும் சந்தித்தார். ஒருகாலத்தில் நல்ல கூலி பெற்றவர்கள் அப்போது வேலை தேடி அலைபவர்களாகியிருந்தனர்.

இதற்குள் ஓக் பற்றாக்குறையால் கடற்படை இந்தியத் தேக்கையும் நாடியிருந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய 'திருகோணமலை' என்ற பெயர்கொண்ட கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஓக்கில் உள்ள துவர்ப்பொருள் இரும்பைக் கறுக்கவைத்து அரிக்கும். தேக்குக்கு அந்தக் குறை குறைவு. ஆனால் தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு; ரம்பத்தின் கூர் சீக்கிரம் மழுங்கும். தேக்கு அறுப்பவர் அடிக்கடி அரம் எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நகரங்களில் மறைந்த பிறகும் கிராமங்களில் குழி அறுப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது. சர்ரே மாவட்டம் ஃபார்ன்ஹாமில் 1884-இல் தந்தையின் வண்டிச்சக்கரப் பட்டறையை ஏற்ற ஜார்ஜ் ஸ்டர்ட், 1923-இல் வெளியிட்ட 'சக்கரத் தச்சரின் பட்டறை' என்னும் நூலில் தன் பட்டறைக் குழியில் வேலை செய்த அறுப்போரைப் பற்றி எழுதியுள்ளார். அவர்களுடைய குடியையும் அவர் மறைக்கவில்லை. இணையில் ஒருவர் குடிக்கப் போய்விட்டால் மற்றவரும் சும்மா இருக்க வேண்டியதுதான். ஆனால் ரம்பம் இறங்கும்போது அவர்கள் காட்டிய நுட்பத்தை மிக மதித்தார். அறுத்த பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் காயவிடுவார்கள். சரியாக அறுக்கப்பட்டதா இல்லையா என்பது சில ஆண்டுகள் கழித்தே முழுமையாகத் தெரியும். எந்த மரத்தை எந்தப் பக்கம் திருப்பி எந்தக் கோட்டில் அறுத்தால் எந்த வண்டிப் பகுதிக்கு உதவும் என்று பட்டறைக்காரரும் அறுப்பவரும் சேர்ந்து முடிவு செய்தனர். ஆலையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்பதே ஸ்டர்ட்டின் வருத்தம். பிறகு அவருடைய பட்டறைக்கும் எரிவாயு இயந்திரமும் அதனோடு ரம்பங்களும் வந்தன.

குழிகள் மூடப்பட்டுவிட்டன, இங்கிலாந்தின் பல ஊர்களில் அறுப்புக்குழித் தெரு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. ஆயினும் பழைய கட்டடங்களை ஆராய்வோர் உத்தரங்களிலும் பலகைகளிலும் உள்ள ரம்பத் தடங்களை இன்றும் படிக்கின்றனர். வட்ட ரம்பம் வில் போன்ற வளைகோடுகளை விடும். ஆலையின் சட்ட ரம்பம் சம இடைவெளியில் நேர்க்கோடுகளை விடும். கை ரம்பத்தின் கோடுகளும் நேரானவையே. ஆனால் இடைவெளி சீராக இராது, சாய்வும் இடத்துக்கு இடம் சற்று மாறும். தாங்குசட்டத்தின் மேல் வைத்து இரு முனையிலிருந்தும் அறுத்த மரமானால், இரண்டு அறுப்புகளும் சந்திக்க வேண்டிய இடத்தில் ரம்பம் எட்டாமல் பிளந்தெடுத்த ஒரு சிறு முக்கோணம் தெரியும்.